ஏழாம் எண் படத்துக்கு ஒரு மார்க்

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் பரந்தாமன் வீடு எது என்று கேட்டால், "எந்தப் பரந்தாமன்? கேன்டீனா, கறுப்பு வெள்ளையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நமக்கு வேண்டியவர் கறுப்பு வெள்ளை. ஐம்பத்து மூன்று வயது, ஒட்டின கன்னம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. தொழிற்சாலையில் அளவு சோதிக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். கடைந்து வரும் இரும்புத் துண்டு மயிரிழை கூடியிருந்தாலும் 'தேறாது' என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. மனுஷன் அந்த முத்திரையைத் தொழிற்சாலை கேட்டிலேயே ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் குடும்பத்துக்கு நல்லது. கூடவே கொண்டு வந்துவிடுவார். ரசம் தேறாது, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கோலம் தேறாது, மகளுக்கு வந்த வரன்களில் நாலு பேர் தேறவில்லை.

"ஒருநாளாவது ஏதாவது ஒண்ணு தேறுச்சுன்னு சொல்லுங்களேன், காதால கேட்டுக்கிறேன்" என்பார் மனைவி வடிவு.

அவர் கணக்கில் உலகத்தில் தேறியது ஒன்றே ஒன்றுதான். அவர் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் படம்.

அம்பத்தூரில் ஒரு டியூட்டோரியல் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாருக்கும் படமெடுக்கிற பைத்தியம். சங்கம் என்று பெயர், தலைவர் என்று நடேசன், செயலாளர் என்று மைதிலி டீச்சர். நடேசன் பரந்தாமனின் தொழிற்சாலையிலேயே வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இவர்கள் வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடுவார்கள். பன்னிரண்டும் கறுப்பு வெள்ளை, பன்னிரண்டும் இந்தப் பக்கத்து ஏரி, சாலை, வானம். ஆளுக்கு நாலைந்து பிரதி எடுத்துக்கொண்டு போய்த் தெரிந்த கடைகளில் கொடுப்பார்கள். அதில் ஜனவரிப் பக்கம்தான் எல்லாவற்றையும் விட உசத்தி. டீக்கடையில் பல பேர் ஏப்ரல் வரைக்கும் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை, அதனால் நாலு மாதம் ஊர்க் கண்ணில் படுவது அந்த ஒரு படம்தான். ஒன்பது வருஷமாக ஜனவரி பரந்தாமனுடையது. அயனம்பாக்கம் ஏரியில் பனி, செம்பரம்பாக்கம் ஏரியில் மழை, மறுபடியும் அயனம்பாக்கத்தில் பனி. டீ குடிக்கப் போனால் படத்துக்கு நேர் எதிரே இருக்கிற ஸ்டூலில்தான் உட்காருவார். அதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவன் ஜமீர்.

ஜமீருக்குப் பூந்தமல்லியில் கண்ணாடி, ஃபிரேம் கடை. நாற்பத்து நாலு வயது, வாயைத் திறந்தால் மூட மாட்டான். பரந்தாமனும் அவனும் ஏழு வருஷமாக ஒன்றாக ஏரிக்கரை சுற்றுகிறவர்கள். அதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் ஜமீர் எடுக்கிற படம் மார்ச்சுக்கோ ஜூலைக்கோ போகும். ஆகஸ்டு மாதக் கூட்டத்துக்கு அவன் ஒரு கறுப்புப் பையோடு வந்தான். உள்ளே வண்ணமே எடுக்காத கேமரா. பிறவியிலேயே கறுப்பு வெள்ளை மட்டும் பார்க்கிற டிஜிட்டல் கேமரா. ஷார்ஜாவில் இருக்கிற அவன் மச்சான் யாரோ ஒரு வெள்ளைக்காரனிடம் பழசாக வாங்கி அனுப்பியிருந்தார். அதற்காக ஜமீர் தன் புல்லட்டை விற்றுவிட்டான்.

"சாதா கேமராவுல சென்சார் மேல செவப்பு, பச்சை, நீலம்னு பொடிப்பொடியா சல்லடை ஒட்டிக்கீறான் அண்ணாத்தே" என்று மேஜையைச் சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினான். "வர்ற வெளிச்சத்துல பாதிக்கு மேல அதுவே முழுங்கிடும். இதுல சல்லடையே கெடையாது. வர்றது பூரா உள்ள போவும்."

"அப்ப வானத்தைக் கறுப்பாக்கணும்னா? நான் கம்ப்யூட்டர்ல நீலத்தை இழுத்துக் கீழ விடுவேன். இதுல நீலமே இல்லையே, எதை இழுப்பே?" என்று பரந்தாமன் மடக்கினார்.

ஜமீர் ஒரு பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கண்ணாடி வட்டங்கள். "லென்ஸ் மூஞ்சில மாட்டிக்க வேண்டியதுதான். செவப்பு மாட்னா நீல வானம் கறுத்துப்பூடும், மேகம் வெள்ளையா எழும்பி நிக்கும். முன்னாடியே முடிவு பண்ணிடணும். ஊட்டுக்குப் போய் மாத்திக்கலாம்ன்ற கதையே இதுல கெடையாது."

பிறகு படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினான். திருமழிசை சாலையோரப் புளியமர நிழல். ஒவ்வொரு இலையையும் எண்ணலாம் போலிருந்தது. இருட்டுக்குள்ளே இன்னும் ஒரு இருட்டு, அதற்குள்ளே ஒரு சைக்கிள். நடேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்பது வருஷத்தில் பரந்தாமன் படத்துக்கு அவர் ஒருமுறைகூடக் கண்ணாடியைத் துடைத்ததில்லை.

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். இதை மழுப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை, சுத்தமான பொறாமை. பரந்தாமனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முறைத்தார். போன வாரம் வரைக்கும் அது நல்ல கேமரா. இப்போது அது எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் சாம்பல் கரைத்த தண்ணீராகத் தெரிந்தது. ஜமீரின் கேமராவைப் பற்றி இணையத்தில் வந்த நாற்பது விமர்சனங்களைப் படித்தார். ஒரே ஒரு ஆள் மட்டும் திட்டியிருந்தான். அதைத் தினமும் ஒருமுறை படிப்பார்.

"கலரே எடுக்காது, தெரியுமா? ஊனமுள்ள கேமரா" என்றார் வடிவிடம்.

"அப்ப நமக்கு வேண்டாம். விடுங்க."

"நமக்கு வேணும்னு யார் சொன்னா?"

"மூணு வாரமா வேற எதைப் பேசினீங்க?"

பரந்தாமன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அந்தக் கேமரா ஏரியில் விழுந்து தொலைந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே, ஜமீர் புல்லட்டை விற்றுவிட்டு டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு ஒரு பிரயோஜனமும் செய்யவில்லை. விழுந்தால் தேவலைதான்.

நவம்பர் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றார்கள். ஏரி தளும்பியது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்குள் ஒரு மொட்டைக் கருவேலமரம் நிற்கும். சங்கத்தில் அதை எடுக்காத ஆளே கிடையாது. வருஷத்துக்கு மூன்று படமாவது போட்டிக்கு வரும், ஒன்றும் தேறாது. ஜமீர் மூன்று மாதமாக அந்த மரத்தையே விரட்டிக்கொண்டிருந்தான். அன்றும் டிரைபாடை நிறுத்தி, வெயில் மறைக்கும் சின்னக் குடையை லென்ஸில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து அரை மணி நேரம் பாடுபட்டான். பரந்தாமன் தன் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. கண் முழுக்க ஜமீரின் கேமரா மேலேயே இருந்தது. ஜமீர் பார்த்துவிட்டான்.

"நீயும் நாலு எடுத்துப் பாரேன் அண்ணாத்தே."

"எனக்கு எதுக்குப்பா?"

"அட எடுப்பா! நான் போய் டீ வாங்கியாறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொறைச்சே வெய்யி. இதுல வெள்ளை எரிஞ்சிடுச்சுன்னா பூடுச்சு, கடவுளே வந்தாலும் திரும்பி வராது."

"இருபது வருஷமா எடுக்கறேன். எனக்குச் சொல்லித் தர்றியா?"

ஜமீர் சிரித்துக்கொண்டே கரையிறங்கிப் போனான். பரந்தாமனுக்கு அந்தச் சிரிப்பும் ஆகவில்லை. கொஞ்சம் குறைக்கச் சொன்னானா, நிறையவே குறைக்கிறேன் என்று வீம்புக்கு இரண்டு படி குறைத்தார். நாலு முறை அழுத்தினார். பத்து மணி வெயில், திரையில் ஒரு இழவும் தெரியவில்லை. எதிரே இருந்த வானமும் உப்புச்சப்பில்லாத வெளிர் நீலம். திரையைக் கையால் மறைத்துப் பார்த்தபோது கரிச்சட்டி போல ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். இதற்குத்தானா இந்த ஆட்டம் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஜமீர் டீயோடு வந்ததும், "ஒண்ணும் சரியா வரல. அழிச்சிடு" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக் குடித்தார்.

அந்த லென்ஸின் மூஞ்சியில் சிவப்புக் கண்ணாடி மாட்டியே இருந்தது. ஜமீர் சொல்ல மறந்துவிட்டான். பரந்தாமன் இருபது வருஷமாக எல்லா வண்ணத்தையும் கம்ப்யூட்டரில் இழுத்தே பழகியவர், லென்ஸில் கண்ணாடி மாட்டுவது அவர் வழக்கத்திலேயே இல்லை, முன்னால் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அவருடைய கேமராவாக இருந்தால் திரை முழுக்க ரத்தச் சிவப்பாகக் காட்டிக்கொடுத்திருக்கும். இது சிவப்பு என்றால் என்னவென்றே தெரியாத கேமரா. வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஜமீரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. பரந்தாமன் அதன் நீளத்தைப் பார்த்தார். தன் கேமராவைப் பற்றி இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி அளக்கப் போகிறான் என்று தோன்றியது. கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கு மேல் அது வீராப்பாகிவிட்டது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலண்டர் கூட்டம். அதற்கு இரண்டு நாள் முன்னால் மைதிலி டீச்சருக்குப் போன் போட்டார். படங்களை அச்சுப் போட்டு, முன்னால் எண்ணும் பின்னால் பெயரும் எழுதி வைப்பது டீச்சர் பொறுப்பு. அதனால் அவருக்கு மட்டும் மார்க் போடும் உரிமை கிடையாது.

"ஜமீர் எத்தனை படம் குடுத்திருக்கான்?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார். உங்க ரெண்டும் வந்துடுச்சு, நீங்க கவலைப்படாதீங்க."

பரந்தாமன் அனுப்பியது ஒன்றே ஒன்று, வழக்கமான அயனம்பாக்கம் பனி. ஆனால் ஜமீர் கணக்கு கிடைக்காத எரிச்சலில் 'ரெண்டும்' என்ற சொல் அவர் காதுக்குள் போகவே இல்லை.

கூட்டத்தில் மார்க் போடுவதற்கு என்று ஒரு முறை உண்டு. சுவரில் இருபது படம் எண்ணோடு தொங்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டில் பத்துக்கு இத்தனை என்று போட்டு, காரணம் ஒரு வரி எழுதி, கீழே தன் பெயரையும் போட வேண்டும். தன் படத்துக்கு மட்டும் கோடு. பிறகு நடேசன் படத்தைத் திருப்பிப் பெயரை வாசித்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். மறைந்திருந்து கல்லெறியக் கூடாது என்பதற்காக அவரே கொண்டு வந்த ஏற்பாடு.

பரந்தாமன் சுவரோரமாக நடந்தார். மூன்றாம் எண்ணில் தன் அயனம்பாக்கம். கோடு போட்டார். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

அந்த மொட்டைக் கருவேலமரம். ஆனால் இதுவரை யாரும் பார்க்காத மரம். வானம் அடுப்புக் கரி மாதிரி கறுத்து இறங்கியிருக்க, அதன் மேல் ஒரே ஒரு மேகம் நிமிர்ந்து நின்றது. கீழே தண்ணீரும் கறுப்பு. மரம் மட்டும் எலும்பு வெளுப்பில், ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக. எடுத்தால் இப்படி ஒன்று எடுக்க வேண்டும் என்று இருபது வருஷமாக அவர் மனதுக்குள் வைத்திருந்த படம் அது.

பிடித்துவிட்டான். மூன்று மாதமாக விரட்டினவன் கடைசியில் பிடித்தே விட்டான். இந்த வானமும் இந்தக் கூர்மையும் அந்தக் கேமராவைத் தவிர எதிலும் வராது. ஜனவரி போயிற்று. நாலு மாதம் எல்லா டீக்கடையிலும் ஜமீர்தான். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

'1. இது கேமரா எடுத்த படம். எடுத்த ஆளுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. பரந்தாமன்.'

அதோடும் விடவில்லை. பதினைந்தாம் எண்ணில் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு சாலை, சாந்தமான சாம்பல் படம், இது நடேசன் கைவேலை என்று ஊகித்து, ஏழாம் எண்ணை முந்தட்டும் என்று ஒன்பது போட்டார்.

நடேசன் வாசிக்கத் தொடங்கினார். ஆறு படம் போயிற்று. ஏழாவதைத் திருப்பினார்.

"எண் ஏழு. பரந்தாமன்."

பரந்தாமன் மைதிலி பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "டீச்சர், பேர் மாறிப்போச்சு போல."

"இல்ல சார். ஜமீர் சார் கேமராவில நீங்க எடுத்தது. செம்பரம்பாக்கத்தில. உங்க பேர்ல அவர்தான் அனுப்பினார்."

அதற்குள் நடேசன் சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒன்பது. எட்டு. ஒன்பது. "ஜமீர், பத்து. 'இந்த வானத்துக்கு மூணு மாசமா அலையறேன்.'" அடுத்த சீட்டை எடுத்தவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "ஒன்று. 'இது கேமரா எடுத்த படம். எடுத்த ஆளுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.' பரந்தாமன்."

முடிந்தது, மானம் போயிற்று என்று பரந்தாமன் குனிந்துகொண்டார்.

"பார்த்தீங்களாய்யா!" என்றார் நடேசன். "இரவல் கேமராவில எடுத்த படத்துக்குப் பெருமை எனக்கு வேண்டாம், அது ஜமீருக்குப் போகட்டும்னு எழுதியிருக்கார். தன் படத்துக்குத் தானே ஒரு மார்க்! இப்படி ஒரு மனுஷனை எங்கேய்யா பார்ப்பீங்க?"

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். தன் படத்துக்குத் தானே போட்ட மார்க் செல்லாது என்று நடேசன் அந்த ஒன்றை அடித்தார். ஏழாம் எண்ணுக்கு எண்பத்தெட்டு. பதினைந்தாம் எண்ணைத் திருப்பியபோது அதன் பின்னால் இருந்தது ஜமீர் பெயர், எண்பத்தாறு. ஜனவரி பத்தாவது தடவையாகப் பரந்தாமனுக்கு. ஜமீருக்குப் பிப்ரவரி.

எல்லாரும் தட்டும்போது ஜமீர் மட்டும் தட்டவில்லை. போனை எடுத்து எதையோ பார்த்தான், பரந்தாமனைப் பார்த்தான், போனைப் பையில் போட்டுக்கொண்டான். கூட்டம் முடிந்ததும் டிரைபாடைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். பரந்தாமன் பின்னாலேயே ஓடினார்.

"ஜமீரு..."

"நல்ல படம் அண்ணாத்தே" என்றான். "நான் அனுப்ன மெசேஜை ஒரு தபா கேட்டுடு." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

பரந்தாமன் பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தார். சுற்றிலும் சாயங்கால இரைச்சல்.

"அண்ணாத்தே, ஜமீர் பேசறேன். அன்னிக்கு நீ எடுத்தது நாலும் என் கார்டுல கீது. மூணு வேலைக்காவாது. நாலாவதைப் பாத்துட்டு அப்டியே குந்திகினேன். செவப்பு மாட்டிகினே எடுத்துக்கீற, நான்தான் சொல்ல மறந்துட்டேன். நீ கொறைச்சு வெச்சதுல மேகம் ஒரு துளி கூட எரியல. எனக்கு மூணு மாசமா ஆப்டாதது உனக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஆப்டுக்கிச்சு. நெசத்தைச் சொல்றேன், வயிறு எரியுது. ரெண்டு நாளா தூக்கமே இல்ல. அழிச்சுட்டு ஒண்ணுமே வரலைன்னு சொல்லிடுன்னா என் ஊட்டுக்காரி உஸ்மா, சிரிச்சிகினேதான் சொன்னா. நீயே அழிச்சிடுன்னுதான சொன்ன, கேக்கவா போற? பட்டன் மேல வெரலைக்கூட வெச்சுட்டேன் அண்ணாத்தே. முடியல. படம் அப்டி கீது. உன் பேர்ல டீச்சருக்கு அனுப்பறேன். வேணாம்னா சொல்லு. இந்த வருசமும் ஜனவரி உனக்குத்தான், பேமானி."

கடைசியில் ஒரு சிரிப்பு. அதோடு முடிந்தது.

குரல் செய்தியை ஒருவர் கேட்டுவிட்டால் அனுப்பியவன் போனில் அதன் பக்கத்திலுள்ள மைக் நீலமாக மாறும். அது இத்தனை நாளும் மாறவில்லை. அதைத்தான் ஜமீர் கூட்டத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறான். படம் தன்னுடையது என்று பரந்தாமனுக்குத் தெரியாது என்பதும், அந்த ஒரு மார்க் யாருக்காகப் போடப்பட்டது என்பதும் அந்தக் கூடத்தில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேர் கை தட்டலை அப்படியே பரந்தாமன் மேல் விழ விட்டுவிட்டுப் போய்விட்டான்.

பரந்தாமன் ஆயுளில் முதல் தடவையாகக் குரல் செய்தி அனுப்பினார். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஜமீரு, அந்த ஒண்ணு எனக்குப் போட்டதில்ல. உன் படம்னு நினைச்சுப் போட்டேன்" என்றார். விரலை எடுத்தார், போய்விட்டது. உடனே நடேசனுக்கும் போன் போட்டு அதையே சொன்னார். நடேசன், "அட விடுங்க பரந்தாமன், உங்க அடக்கத்துக்கு ஒரு அளவே இல்ல!" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஆவடி பஸ் வருவதற்குள் மைக் நீலமாயிற்று. ஜமீரிடமிருந்து பதில் எழுத்தில் வந்திருந்தது. 'தெரியும். ஞாயித்துக்கிழமை அயனம்பாக்கம் போலாம். கேமரா கொண்டாறேன்.'

ஜன்னலோர இடம் கிடைத்தது. பரந்தாமன் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே போனார். அடிவயிற்றில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது, கொஞ்சம் கூடவே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்தத் தடவை கேமராவை நினைத்து இல்லை. அவனுக்கும்தான் வயிறு எரிந்திருக்கிறது, அவன் விரலும்தான் பட்டன் மேல் இருந்திருக்கிறது. கேமராவை ஞாயிற்றுக்கிழமை இரவல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த விரலை எடுத்தானே, அதை எந்த வாயை வைத்துக்கொண்டு இரவல் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.